தப்பிய தீயும் தகாத மணமும்

மோட்டார் வண்டி இந்நாட்டு மண்ணில் ஓடத் தொடங்கி ஒரு நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. நம்மவர் எழுத்தில் தோட்டம் இடம்பெற்றுள்ளது. பால்மரமும் இரயில் பாதையும் கப்பற்பயணமும் இடம்பெற்றுள்ளன. ஆனால் தோட்டத்து லோரியை ஓட்டியவனும், நள்ளிரவில் சாலையோரம் அதன் அடியில் படுத்துப் பழுது பார்த்தவனும் நம் ஏடுகளில் அருகியே காணப்படுகின்றனர். அவர்கள் கற்ற கல்விக்குப் பாடநூல் இல்லை. காதும் மூக்கும் விரல் நுனியுமே அவர்களுடைய கருவிகள். அக்கல்வியின் ஒரு சிறு கூற்றையேனும் எழுதிவைக்க வேண்டும் என்னும் எண்ணத்தின் விளைவே இக்கட்டுரை.

எண்ணத்தைத் தூண்டியது ஒரு குடும்ப நிகழ்ச்சி. சில ஆண்டுகளுக்கு முன் என் அக்காள் மகன் தன் உள்நாட்டுக் காரின் எஞ்சினைக் கழற்றிவிட்டு, ஜப்பானிலிருந்து வந்த டர்போ எஞ்சின் ஒன்றைப் பொருத்திக்கொண்டான். ஜொகூரில் இது புதுமையன்று. முதல் வாரம் அவன் முகத்தில் நிலவிய பெருமையை நான் கண்டேன். இரண்டாம் வாரம், ஏற்றத்தில் வேகம் கொடுக்கும்போதெல்லாம் எஞ்சின் திக்கித் திணறத் தொடங்கியது. பின்புறத்திலிருந்து அழுகிய முட்டையின் நாற்றம் எழுந்தது. வண்டிக்குள் பெட்ரோல் வாடையும் இலேசாக வீசிற்று. எஞ்சினை மாற்றித் தந்த பட்டறையிலேயே கணினிக் கருவியை இணைத்துப் பார்த்தார்கள். உயிர்வளியை அளக்கும் உணர்கருவி கெட்டுவிட்டது என்று கூறி அதை மாற்றினார்கள். பணம் போயிற்று, பழுது போகவில்லை. நாற்றம் முன்னிலும் மிகுந்தது.

இவையெல்லாம் பொறுத்துக்கொள்ளத் தக்கவை. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோத்தா திங்கிக்குச் சென்று திரும்பிய அவனுடைய நான்கு வயது மகள், தலை வலிக்கிறது என்று சொல்லி வழியெல்லாம் அழுதாள். வீட்டுக்கு வந்து வாந்தி எடுத்தாள். குழந்தைக்கு வண்டிப் பயணம் ஒத்துக்கொள்ளவில்லை என்றே அனைவரும் எண்ணினர். நானும் அவ்வாறே எண்ணினேன். அவ்வெண்ணம் எத்துணைப் பிழையானது என்பதைப் பின்னர்க் காண்போம். அதற்குமுன், இந்தத் திணறலுக்கும் இந்த நாற்றத்துக்கும் ஒரு நீண்ட வரலாறு உண்டு. அதைச் சற்றே நோக்குவோம்.

தீ தப்புதல் என்பது யாது?

1876ஆம் ஆண்டில் ஜெர்மானியரான நிக்கோலாஸ் ஓட்டோ நான்கு அடிப்பு எஞ்சினை உருவாக்கினார். உறிஞ்சுதல், அழுத்துதல், எரிதல், வெளியேற்றுதல் என்னும் நான்கு செயல்கள் ஒவ்வோர் உருளையிலும் முறைமாறாமல் நிகழ்கின்றன. நான்கு உருளைகள் கொண்ட எஞ்சின் ஒரு நிமிடத்துக்கு 3000 முறை சுழலும்போது ஒரு வினாடிக்கு நூறு முறை உள்ளே தீ மூள வேண்டும். அந்த நூற்றில் ஒன்று தவறினாலும் பழகிய காது அதைக் கேட்டுவிடும். நம் பட்டறைகளில் இதை ‘மிஸ்ஸிங்’ என்பர். ஆங்கிலத்திலிருந்து வந்த சொல்லாயினும், நம் மெக்கானிக்குகளின் வாயில் அது தமிழ்ச் சொல்லாகவே புழங்குகிறது.

மிஸ்ஸிங் வேறு, ‘நாக்கிங்’ வேறு. தீ மூளாமல் போவது முன்னது. தீ மூண்டபின், எரியாமல் எஞ்சிய கலவை, அழுத்தமும் வெம்மையும் தாளாது தானே வெடித்து, சுத்தியலால் தட்டுவதுபோல் ஒலிப்பது பின்னது. இவ்விரண்டையும் பிரித்தறியத் தெரிந்தவனே பாதி மெக்கானிக்.

தீ மூள்வதற்கு வேண்டியவை நான்கு: தக்க அளவில் கலந்த காற்றும் எரிபொருளும், போதிய அழுத்தம், வலிய தீப்பொறி, சரியான நேரம். எடையளவில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று என்பது முழு எரிதலுக்கான கணக்கு. இந்நான்கில் ஒன்று பிசகினால் தீ தப்பும். தப்பிய தீயின் எரிபொருள் எங்கும் மறைந்துபோவதில்லை. புகைக்குழாய் வழியே வெளிவந்து மூக்குக்குச் செய்தி சொல்கிறது. ஆகவே மிஸ்ஸிங்கும் மணமும் உடன்பிறப்புகள் எனலாம்.

வலிமையை மிகுவிக்க எஞ்சினை மாற்றியமைக்கும் ஒவ்வொரு முயற்சியும் இந்த நான்கின் சமநிலையைக் கலைக்கிறது. இது இன்றைய இளைஞர்களின் காலத்தில் தோன்றிய சிக்கலன்று. மோட்டார் யுகத்தின் தொடக்கத்திலேயே இது தோன்றிவிட்டது.

பூண்டு நாற்றமும் ஈயத்தின் இனிமையும்

அமெரிக்காவின் டேட்டன் நகரில் சார்லஸ் கெட்டரிங் என்னும் பொறியியலாளர் இருந்தார். கையால் சுழற்றாமலே எஞ்சினைக் கிளப்பும் மின்சாரக் கருவியை 1912ஆம் ஆண்டின் கேடில்லாக் வண்டிகளுக்கு அளித்தவர் அவர். அவருடைய மின்பொறி அமைப்பு வந்தபின் எஞ்சின்களில் நாக்கிங் மிகுந்துவிட்டது என்று சிலர் குறைகூறினர். குறை மின்பொறியினுடையதா, எரிபொருளினுடையதா என்பதைக் கண்டறியும் பணி, அவரிடம் வேலை செய்த தாமஸ் மிட்ஜ்லி என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டது. பழுதின் காரணத்தை ஊகத்தால் அன்றி ஆய்வால் காண முயன்ற முதன்மையான முயற்சிகளுள் இது ஒன்று. எஞ்சினுக்குள் அழுத்தம் எந்த நொடியில் எவ்வாறு ஏறுகிறது என்பதை ஆராய்ந்த மிட்ஜ்லி, எரிபொருளே காரணம் எனத் தெளிந்தார்.

பிறகு மருந்து தேடும் படலம் தொடங்கியது. பெட்ரோலுக்குச் சிவப்பு நிறம் ஊட்டினால் அது வெம்மையை விரைந்து ஏற்று ஒழுங்காக எரியுமோ என்று கருதி அவர்கள் அயோடினைக் கலந்தனர். நாக்கிங் குறைந்தது. ஆனால் அதற்குக் காரணம் நிறமன்று, அயோடினே என்பது பிறகு தெரிந்தது. பிழையான காரணம் சரியான விளைவைத் தந்த விந்தை அது. பழுது பார்ப்போர் அனைவரும் நினைவிற்கொள்ள வேண்டிய பாடமும் அதுவே: பழுது நீங்கியது என்பதால் மட்டும், நாம் சொன்ன காரணம் மெய்யாகிவிடாது.

அடுத்துச் செலினியம், டெல்லூரியம் ஆகியவற்றின் கூட்டுப்பொருள்கள் சோதிக்கப்பட்டன. அவை நாக்கிங்கை நன்கு அடக்கின. ஆனால் டெல்லூரியத்தின் நாற்றம் அழுகிய பூண்டின் நாற்றத்தை ஒத்தது. ஆய்வாளர்கள் குளித்தும் உடை மாற்றியும் பல நாள் ஆய்வுக்கூடத்திலிருந்து விலகியிருந்தும் அது அவர்களை விட்டு நீங்கவில்லை. நாற்றம் மிக்க பொருளை எவர் வாங்குவர்? ஆகவே அது கைவிடப்பட்டது. 1921ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் ஈயத்தின் எத்தில் கூட்டுப்பொருள் சோதிக்கப்பட்டது. மிகச் சிறிய அளவே போதுமானதாயிருந்தது. அதன் மணமோ வெறுக்கத்தக்கதன்று, சற்றே இனியது. 1923ஆம் ஆண்டு டேட்டனில் அது முதன்முதலாக விற்பனைக்கு வந்தது.

நாற்றம் வீசியது ஒதுக்கப்பட்டது. நஞ்சாயிருந்தும் மணம் வெறுப்பூட்டாதது ஏற்கப்பட்டது. 1924ஆம் ஆண்டு நியூ ஜெர்சி மாநிலத்தின் எண்ணெய் ஆலையொன்றில் இந்த ஈயப் பொருளைத் தயாரித்த தொழிலாளர் ஐவர் சித்தம் கலங்கி மாண்டனர். மிட்ஜ்லியே ஈய நஞ்சால் நோயுற்று ஓய்வெடுக்க நேர்ந்தது. எனினும் விற்பனை நிற்கவில்லை.

ஈயம் நாக்கிங்கை நிறுத்தியது. ஆனால் எரிந்தபின் அதன் மிச்சம் பிளக்கிலும் வால்வுகளிலும் படிந்தது. படிந்த பிளக்கில் பொறி பறக்காது. ஒரு பிழையை நீக்க வந்த மருந்து மறு பிழையை விளைவித்தது. அந்த மிச்சத்தை வெளியேற்ற வேறொரு வேதிப்பொருளையும் பெட்ரோலில் சேர்க்க வேண்டியதாயிற்று. 1965ஆம் ஆண்டில் கிளேர் பேட்டர்சன் என்னும் அறிவியலாளர், மனிதன் வாழும் சூழலில் ஈயம் எவ்வளவு மிகுந்துவிட்டது என்பதைக் கட்டுரையாக எழுதி உலகை எச்சரித்தார். 2000ஆம் ஆண்டளவில் மலேசியா, சிங்கப்பூர், இந்தியா ஆகிய நாடுகளில் கார்களுக்கான ஈயப் பெட்ரோல் ஒழிந்தது. உலகில் கடைசியாக அதை விற்ற அல்ஜீரியா 2021ஆம் ஆண்டில் நிறுத்தியது. ஏறத்தாழ நூறு ஆண்டுகள்!

கரியால் ஓடிய காலம்

இனி நம் மண்ணுக்கு வருவோம். 1942ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள், ஜொகூரிலிருந்து பின்வாங்கிய பிரிட்டிஷ் படை, 1924இல் முறைப்படி திறக்கப்பட்ட ஜொகூர்ப் பாலத்தைத் தகர்த்தது. நீரிணையின் மறுகரையில் எண்ணெய்க் கிடங்குகள் எரிந்த கரும்புகை ஜொகூர் பாருவின் வானத்திலும் தெரிந்தது. புகையாய்ப் போன அந்த எண்ணெயோடு சாதாரண மக்களின் பெட்ரோலும் போயிற்று. ஜப்பானியர் ஆண்ட மூன்றரை ஆண்டுகளில், கிடைத்த எரிபொருளெல்லாம் படைக்கே சென்றது.

மக்களுக்கு எஞ்சியது கரி. கடலோரச் சதுப்பில் வளரும் பக்காவ் மரத்தைச் சூளையில் இட்டுச் செய்யும் கரி இந்நாட்டுக்குப் புதிதன்று. லோரியின் பக்கவாட்டிலோ பின்புறத்திலோ இரும்பு உலை ஒன்றைப் பொருத்தி, அதில் கரியைக் குறைந்த காற்றில் எரித்தால் எரியக்கூடிய வாயு கிடைக்கும். அதை வடிகட்டிக் குளிரச் செய்து எஞ்சினுக்குள் செலுத்தினர். ரப்பரைக் காய்ச்சி வடித்த எண்ணெயும் அக்காலத்தில் எரிபொருளாகப் பயன்பட்டது. விலைபோகாத ரப்பர், பெட்ரோலுக்கு மாற்றாக எரிந்த விந்தையை அத்தலைமுறையினர் கண்டனர்.

இதே காலத்தில் தமிழகத்திலும் பெட்ரோல் பஞ்சம் நிலவியது. மதுரையில் டி. வி. சுந்தரம் ஐயங்கார் நிறுவிய நிறுவனத்தார் கரிவாயு உலைகளைத் தாமே செய்து பேருந்துகளில் பொருத்தினர். ஐரோப்பாவிலும் பல்லாயிரக்கணக்கான வண்டிகள் விறகாலும் கரியாலும் ஓடின. போரிட்ட பல நாடுகளிலும், போரால் முடங்கிய பல நாடுகளிலும் மெக்கானிக்குகள் ஒரே பாடத்தை ஒரே வேளையில் கற்றனர் என்பது வியப்புக்குரியது.

அப்பாடம் யாது? கரிவாயுவில் பாதியளவு, எரிவதற்கு உதவாத நைட்ரஜன். ஆகவே எஞ்சினின் வலிமை மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிவரை குறைந்துவிடும். அவ்வாயு மெதுவாக எரிவதால், தீப்பொறி பறக்கும் நேரத்தை முன்தள்ளி வைக்க வேண்டும். வைக்காவிடில் மிஸ்ஸிங். கரி ஈரமாயிருந்தால் மிஸ்ஸிங். வடிகட்டியில் சாம்பல் அடைத்தால் மிஸ்ஸிங். முற்றாகக் கரியாகாத கட்டையை உலையில் இட்டால் தார் வழிந்து வால்வுகள் ஒட்டிக்கொள்ளும். இவற்றை அளந்து காட்டும் கருவி எதுவும் தோட்டத்து ஓட்டுநரிடம் இல்லை. ஈரக்கரியின் மணம் ஒன்று, தாரின் மணம் ஒன்று, இரும்பு காய்ந்த மணம் ஒன்று என மணத்தைக் கொண்டே அவர்கள் பழுதை வகைப்படுத்தினர்.

ஆனால் கரிவாயுவின் உயிரான பகுதி கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமில்லை; மணமும் இல்லை. குருதியில் உயிர்வளி ஏறவேண்டிய இடத்தில் அது தொற்றிக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு குமட்டல், அதன்பின் உறக்கம். அந்த உறக்கத்திலிருந்து சிலர் விழிப்பதில்லை. கதவை மூடிக்கொண்டு கொட்டகைக்குள் உலை மூட்டக் கூடாது என்பது அக்காலத்து ஓட்டுநர்கள் பட்டறிந்து கற்ற கட்டளை. டெல்லூரியம் நாறியதால் உயிரைக் கொல்லாமல் ஒழிந்தது. இதுவோ நாறாததாலேயே கொன்றது.

சயாம் இரயில் பாதைக்குச் சென்ற நம்மவரின் துயரை நாம் ஓரளவேனும் எழுதிவைத்துள்ளோம். கரி லோரிகளை ஓட்டியவர்களின் அறிவை எவரும் எழுதிவைக்கவில்லை. 1945இல் பெட்ரோல் திரும்பி வந்தது; உலைகள் பழைய இரும்புக் கடைக்குச் சென்றன; அறிவு அவர்களோடு மறைந்தது.

ஜொகூரின் வேகம்

போருக்குப் பிந்திய தலைமுறை வேகத்தை விரும்பியது. 1960களில் ஜொகூர் பாருவின் நகரச் சாலைகளிலேயே கிராண்ட் பிரி கார்ப் பந்தயங்கள் நடந்தன. சிங்கப்பூரின் தாம்சன் சாலைப் பந்தயம் 1961 முதல் 1973 வரை நடைபெற்றது. 1986இல் பாசிர் கூடாங்கில் ஜொகூருக்கெனத் தனிப் பந்தயத் தடம் அமைந்தது. 1998இல் உலக மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் மலேசியச் சுற்று அங்கேதான் நடந்தது. மறு ஆண்டில் அது செப்பாங்குக்குச் சென்றது. தமிழகத்திலும் இவ்வேட்கை குறைந்ததன்று. சோழவரத்தின் பழைய விமான ஓடுபாதையில் நடந்த பந்தயங்களும், கோவையின் கரிவரதன் தாமே வடிவமைத்த பந்தயக் கார்களும் அங்குள்ளோர் நினைவில் நிலைத்தவை.

1983இல் புரோட்டோன் நிறுவனம் தோன்றியது. 1985 ஜூலையில் முதல் சாகா கார் வெளிவந்தது. அதன் எஞ்சின் மிட்சுபிஷி நிறுவனத்தின் வடிவமைப்பு. இவ்வுறவே பின்னாளில் எஞ்சின் மாற்றும் பழக்கத்துக்கு வழிகோலியது. ஜப்பானில் பயன்படுத்தி முடித்த கார்களின் முன்பாதியை அறுத்து இங்கே கொண்டுவருவர். ‘ஹாஃப்-கட்’ என்பது அதன் வழக்குப் பெயர். அதிலுள்ள வலிமிக்க மிட்சுபிஷி எஞ்சின் உள்நாட்டுக் காரின் கூட்டுக்குள் பெரும் மாற்றமின்றி அமர்ந்துகொள்ளும். சட்டப்படி அம்மாற்றத்தைச் சாலைப் போக்குவரத்துத் துறையில் பதிந்துகொள்ள வேண்டும்.

ஸ்கூடாய், மாசாய், கூலாய் பகுதிகளின் பட்டறைகளில் சீன முதலாளியிடம் தொழில் கற்ற தமிழ் இளைஞர் பலர் உண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புத் தாமான்களாக மாறியபோது, பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்களுக்குப் பட்டறையே இரண்டாம் பள்ளிக்கூடமாக அமைந்தது. எஞ்சினை மாற்றுவதில் அவர்களுக்கிருந்த ஆர்வத்தை வெறும் பொறுப்பின்மை என்று பழித்தல் தகாது. தம் கையால் ஒரு பொருளைச் சிறப்புறச் செய்துகாட்ட வேண்டும் என்னும் வேட்கையும் அதிலுண்டு.

இதற்கிடையே காரின் புகைக்குழாயில் ஒரு புதிய உறுப்பு புகுந்தது. 1975 முதல் அமெரிக்கக் கார்களில் வினையூக்கிக் கலம் பொருத்தப்பட்டது. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற அரிய உலோகங்கள் பூசிய தேன்கூடு போன்ற கலம் அது. நச்சுப் புகையை ஊறு குறைந்த வாயுக்களாக மாற்றும். ஈயம் அக்கலத்தைக் கெடுத்துவிடும் என்பதாலேயே ஈயமற்ற பெட்ரோல் முதலில் இன்றியமையாததாயிற்று. எரிபொருள் மிகையான கலவை கலத்தை அடைந்தால், பெட்ரோலிலுள்ள கந்தகம் ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாறுகிறது. அழுகிய முட்டையின் நாற்றம் என்று நாம் மூக்கைப் பொத்துவது அதையே. தீ தப்பி, எரியாத பெட்ரோல் கலத்தில் வந்து எரியுமானால், கலம் செந்நிறமாய்க் காய்ந்து உருகவும் கூடும்.

1996 முதல் அமெரிக்கக் கார்களிலும், பின்னர்ப் பிற நாடுகளின் கார்களிலும் பழுதறியும் கணினி கட்டாயமாயிற்று. தீ தப்புவதை அது எங்ஙனம் அறிகிறது? எஞ்சினின் சுழல்தண்டு ஒவ்வொரு தீ மூளும்போதும் சற்றே விரைகிறது. தீ தப்பினால் சற்றே தயங்குகிறது. அத்தயக்கத்தைக் கணினி அளக்கிறது. ஆழ்ந்து நோக்கினால், கரி லோரியின் ஓட்டுநர் தன் காதால் அளந்ததும் அதே தயக்கத்தைத்தான்.

பெரியவரின் ஆய்வு

அக்காள் மகனை நான் கூலாய்க்கு அப்பால் ஒரு பெரியவரிடம் அழைத்துச் சென்றேன். எழுபதைக் கடந்தவர், பட்டறையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்திருப்பவர். அவருடைய தந்தையார் ஜப்பானியர் காலத்தில் குளுவாங் பக்கத்துத் தோட்டமொன்றில் கரி லோரி ஓட்டியவர்.

அவர் எஞ்சின் மூடியைத் திறக்கவில்லை. முதலில் கேள்விகளைக் கேட்டார். எப்போது திணறுகிறது, தம்பி? காலையில் கிளப்பியதுமா, சூடேறிய பின்னா? நிற்கும்போதா, ஏற்றத்திலா? நாற்றம் முதலில் வந்ததா, திணறல் முதலில் வந்ததா? ஏற்றத்தில், டர்போ காற்றை அழுத்தும்போது மட்டுமே திணறுகிறது என்றான் அவன். திணறல் முதலில், நாற்றம் பிறகு என்றும் சொன்னான். பெரியவர் தலையசைத்தார்.

பிளக்குகள் நான்கையும் கழற்றி வரிசை மாறாமல் ஒரு பலகையில் வைத்தார். அனைத்தின் முனையிலும் கரி படிந்திருந்தது. இரண்டாவதில் மிகுதி. இரண்டாம் உருளையின் காயிலை மூன்றாவதற்கும் மூன்றாவதன் காயிலை இரண்டாவதற்கும் மாற்றினார். காயில் பழுதாயின் திணறலும் இடம் மாற வேண்டும், மாறவில்லை. ஆகவே காயில் குற்றமற்றது. ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும், இரண்டை மாற்றினால் எது மருந்து என்று தெரியாது என்று அவர் அவனிடம் கூறினார். அயோடினின் சிவப்பு நிறத்தைக் காரணமென நினைத்தவர்களின் கதை அப்போது என் நினைவுக்கு வந்தது.

பின்னர்ப் பிளக்கின் இடைவெளியை அளந்தார். பழைய எஞ்சினுக்கு உகந்த 1.1 மில்லிமீட்டர் இடைவெளியிலேயே புதிய எஞ்சினுக்கும் பிளக்குகள் வைக்கப்பட்டிருந்தன. டர்போ காற்றை அழுத்தித் திணிக்கும்போது உருளைக்குள் அடர்த்தி மிகுகிறது. அடர்ந்த காற்றினூடே அவ்வளவு அகன்ற இடைவெளியைப் பொறி தாண்ட இயலாது. ஆகவே ஏற்றத்தில் மட்டும் தீ தப்பியது. அவர் 0.7 மில்லிமீட்டர் இடைவெளியில் புதிய பிளக்குகளைப் பொருத்தினார்.

எஞ்சிய புதிரும் இதனால் அவிழ்ந்தது. தீ தப்பிய உருளையிலிருந்து எரியாத பெட்ரோலோடு பயன்படாத உயிர்வளியும் வெளியேறுகிறது. உணர்கருவி உயிர்வளியை மட்டுமே அறியும். உயிர்வளி மிகுந்திருக்கிறது, எனவே பெட்ரோல் போதவில்லை என்று அது கணினிக்கு உரைத்தது. கணினி அதை நம்பிப் பெட்ரோலை மேலும் கூட்டியது. அதனால் பிளக்குகள் கரியேறின, கலம் காய்ந்தது, முட்டை நாற்றம் பெருகியது. உணர்கருவி பொய் சொல்லவில்லை. தான் கண்டதையே சொன்னது. அதன் சொல்லுக்குப் பொருள் காண வேண்டிய மனிதர், பொருள் காணாமல் அதையே கழற்றி எறிந்துவிட்டார்.

வேலை முடிந்ததென்று என் அக்காள் மகன் பணப்பையை எடுத்தான். பெரியவர் எடுக்கவிடவில்லை. வண்டிக்குள் என்ன வாடை என்று கேட்டார். இலேசான பெட்ரோல் வாடை என்றான். குழந்தையின் தலைவலியைப் பற்றி நான் தற்செயலாகத்தான் சொன்னேன். அவர் முகம் மாறிற்று. எஞ்சின் ஆறிய நிலையில் கிளப்பச் சொல்லி, சோப்பு நீரைப் புகைக்குழாயின் இணைப்புகளில் தெளித்தார். டர்போவுக்குக் கீழேயுள்ள இணைப்பில் குமிழ்கள் கொப்பளித்தன. இணைப்புத் தகடு பழையது. எஞ்சினை மாற்றியபோது புதியது போடாமல் அதையே மறுபடி இறுக்கியிருக்கிறார்கள். அங்கிருந்து கசிந்த புகை, முன்கண்ணாடியின் அடியிலுள்ள காற்றுவழியாகக் காருக்குள் சென்றிருக்கிறது. குளிர்சாதனத்துக்காகக் கண்ணாடிகள் யாவும் மூடியிருந்தன.

நீங்கள் முகர்ந்தது பெட்ரோல். பிள்ளையைக் குமட்டச் செய்தது அதுவன்று, அதோடு வந்த வேறொன்று என்றார் அவர். தம் தந்தையார் கரி உலையை எப்போதும் வெட்டவெளியிலேயே மூட்டுவார் என்றும், தலை கனத்தால் வேலையை விட்டு எழுந்து நட என்பதே அவர் தமக்குக் கற்றுத்தந்த முதல் பாடம் என்றும் கூறினார். இணைப்புத் தகட்டை மாற்றி, மீண்டும் சோப்பு நீர் தெளித்து, குமிழ் இல்லை என்பதை எங்கள் இருவரையும் குனிந்து பார்க்கச் செய்த பின்னரே கூலியை வாங்கிக்கொண்டார். குழந்தையை அன்றே மருத்துவரிடம் காட்டும்படியும் வற்புறுத்தினார். காட்டினோம், நற்பேறாக அவள் நலமாயிருந்தாள்.

எழுதவேண்டியது

கணினிக் கருவி பயனற்றது என்று சொல்வது என் நோக்கமன்று. பெரியவரின் மகன் அதைத் திறம்படக் கையாள்கிறார். எந்த உருளையில் தீ தப்புகிறது என்பதை அது நொடிப்பொழுதில் காட்டுகிறது. ஆயினும் குழந்தையின் தலைவலி எந்தக் கருவியிலும் பதிவாகவில்லை. பெரியவர் கேட்டதால் அது வெளிப்பட்டது. அவருக்குக் கேட்கத் தோன்றியதற்குக் காரணம், எண்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு கரி லோரியின் அருகே நின்று ஒருவர் கற்ற பாடம். அது வாய்மொழியாக ஒரு மகனுக்கு வந்து, இன்னொரு குடும்பத்தின் குழந்தையைக் காத்தது. நாங்கள் அங்குச் சென்றது ஒரு தற்செயல். சென்றிராவிடில் அடுத்த நெடும்பயணத்தில் என்ன நேர்ந்திருக்கும் என்பதை எண்ணவும் மனம் கூசுகிறது.

தற்செயலை நம்பி ஓர் இனம் தன் அறிவைக் காக்க இயலாது. மின்சாரக் கார்கள் பெருகிவரும் இந்நாளில், பிளக்கையும் புகைக்குழாயையும் அறிந்த கடைசித் தலைமுறை நம் கண்முன்னே முதுமை எய்துகிறது. தோட்டத்துப் பாடல்களைத் தொகுத்தோம், பழமொழிகளைத் தொகுத்தோம். பட்டறைச் சொற்களையும் அவற்றின் பின்னே நிற்கும் பட்டறிவையும் தொகுப்பதும் எழுத்தாளர் கடமையே. ஒவ்வோர் ஊரிலும் ஒருவர் ஒரு பெரியவரின் அருகே சென்று அமர்ந்து, அவர் சொல்வதை எழுதிக்கொண்டால் போதும்.

நான் தொடங்கிவிட்டேன். சனிக்கிழமைதோறும் குறிப்பேட்டுடன் கூலாய்க்குச் செல்கிறேன். அக்காள் மகனும் உடன் வருகிறான். நான் சொற்களை எழுதுகிறேன். அவன் பெரியவரின் அருகே நின்று, கழற்றிய பிளக்குகளை வரிசை மாறாமல் பலகையில் அடுக்கக் கற்றுக்கொண்டிருக்கிறான்.